45 ஆண்டுகள் மறுக்கப்பட்ட ஒரு நிமிடம்

1976 மாண்ட்ரியல் போட்டிகள் தொடங்கி, சர்வதேச ஒலிம்பிக் குழுவிடம் ஒரே கோரிக்கை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. மியூனிக்கில் கொல்லப்பட்ட இஸ்ரேலிய அணியினருக்காகத் தொடக்க விழாவில் ஒரு நிமிடம் மௌனம் காக்க வேண்டும் என்பதே அது. கேட்டவர்களில் முன்னால் நின்றவர்கள் இரண்டு பெண்கள்: வாள்வீச்சுப் பயிற்சியாளர் ஆந்த்ரே ஸ்பிட்சரின் மனைவி ஆன்கி ஸ்பிட்சர், பளுதூக்கும் வீரர் யோசெஃப் ரொமானோவின் மனைவி இலானா ரொமானோ. கிலானின், சமராஞ்ச், ரோகே, பாக் என்று தலைவர்கள் மாறினார்கள். பதில் மட்டும் வெகுகாலம் மாறவில்லை. 2021 ஜூலை 23 அன்று டோக்கியோ தொடக்க விழாவில்தான் அந்த மௌனம் கிடைத்தது. கொலை நடந்து 49 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த நீண்ட விடாப்பிடியை ஆறாத துயரம் என்று சிலரும், அரசியல் என்று சிலரும் வாசித்தார்கள். இரண்டு வாசிப்புமே மேலோட்டமானவை என்பது என் கருத்து. அந்தக் கோரிக்கை யூத மரபின் நினைவுகூரல் முறையோடு இழைக்கு இழை பொருந்துகிறது. யாருடைய பெயரை, எந்தச் சபையில், எந்த நாளில் சொல்ல வேண்டும் என்பதில் அந்த மரபு கறாரானது. அந்தக் கறாரைப் புரிந்துகொண்டால்தான், ஒலிம்பிக் குழு கொடுக்க முன்வந்த மாற்று ஏற்பாடுகள் எதுவும் ஏன் போதவில்லை என்பது விளங்கும்.

நடந்ததை முதலில் பார்த்துவிடலாம். 1972 செப்டம்பர் 5 விடியுமுன் ‘கறுப்பு செப்டம்பர்’ என்ற பாலஸ்தீன அமைப்பைச் சேர்ந்த எட்டுப் பேர் ஒலிம்பிக் கிராமத்துக்குள் புகுந்து, கோனலி தெரு 31ஆம் எண் கட்டடத்தில் தங்கியிருந்த இஸ்ரேலிய அணியைத் தாக்கினார்கள். மல்யுத்த நடுவர் யோசெஃப் குட்ஃபிராய்ண்ட் ஆஜானுபாகுவான மனிதர். கதவு திறக்கப்படும் ஓசை கேட்டு எழுந்தவர், துப்பாக்கிகளைக் கண்டதும் தன் உடம்பையே கதவுக்கு முட்டுக் கொடுத்துத் தடுத்தார். அந்தச் சில நொடிகளில் அதே அறையில் இருந்த ஒருவர் சன்னலை உடைத்துத் தப்பினார். எதிர்த்துப் போராடிய மல்யுத்தப் பயிற்சியாளர் மோஷே வைன்பெர்க்கும் யோசெஃப் ரொமானோவும் அங்கேயே கொல்லப்பட்டார்கள். பணயக்கைதிகளாகப் பிடிபட்டவர்கள் ஒன்பது பேர்: குட்ஃபிராய்ண்ட், பளுதூக்கும் போட்டி நடுவர் யாக்கோவ் ஸ்பிரிங்கர், துப்பாக்கி சுடுதல் பயிற்சியாளர் கேஹத் ஷோர், தடகளப் பயிற்சியாளர் அமிட்சூர் ஷப்பீரா, ஆந்த்ரே ஸ்பிட்சர், பளுதூக்கும் வீரர்கள் டேவிட் பெர்கர், ஸேவ் ஃப்ரீட்மன், மல்யுத்த வீரர்கள் எலியேசர் ஹால்ஃபின், மார்க் ஸ்லாவின். ஸ்லாவினுக்கு 18 வயது. அந்த ஆண்டுதான் சோவியத் ஒன்றியத்திலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்திருந்தார். அன்றிரவு ஃபுர்ஸ்டன்ஃபெல்ட்புருக் விமானதளத்தில் ஜெர்மன் காவல்துறை நடத்திய மீட்பு முயற்சி படுதோல்வியில் முடிந்தது. தாக்குதல்காரர்கள் எட்டுப் பேர். குறிபார்த்துச் சுட நிறுத்தப்பட்டவர்கள் ஐந்தே பேர். அவர்களுக்குள் பேசிக்கொள்ள வானொலிக் கருவிகூட இல்லை. ஒன்பது கைதிகளும், ஆன்டன் ஃபிளீகர்பாவர் என்ற ஜெர்மன் காவலரும், தாக்குதல்காரர்களில் ஐவரும் இறந்தார்கள். இதற்கிடையில் அனைவரும் மீட்கப்பட்டுவிட்டார்கள் என்ற பொய்ச் செய்தி உலகம் முழுவதும் பரவியிருந்தது. உயிரோடு பிடிபட்ட மூவரை, அக்டோபர் 29 அன்று லுஃப்தான்சா விமானம் ஒன்று கடத்தப்பட்டதும், மேற்கு ஜெர்மனி விடுவித்துவிட்டது. அதனால் வழக்கு விசாரணையே நடக்கவில்லை. கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் ஒரு நீதிமன்றத்தில்கூட வரிசையாக வாசிக்கப்படவில்லை.

செப்டம்பர் 6 காலையில் ஒலிம்பிக் அரங்கில் இரங்கல் கூட்டம் நடந்தது. சுமார் 80,000 பேர் கூடியிருந்தார்கள். பேத்தோவனின் மூன்றாம் சிம்பொனியிலிருந்து இறுதி ஊர்வல இசை வாசிக்கப்பட்டது. பேசிய ஒலிம்பிக் குழுத் தலைவர் ஏவரி பிரண்டேஜ், ரொடீசியாவைப் போட்டியிலிருந்து விலக்கவைத்த ஆப்பிரிக்க நாடுகளின் நெருக்குதலையும் இந்தக் கொலைகளையும் ஒலிம்பிக் இயக்கத்தின்மீது விழுந்த இரண்டு தாக்குதல்களாக ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னார். போட்டிகள் தொடரும் என்று அறிவித்தார். அவரது பேச்சில் அடிபட்டதாகத் தெரிவது ஒலிம்பிக் இயக்கமே. இறந்தவர்கள் அந்த அடியின் ஒரு விவரமாகிப் போனார்கள். அரைக்கம்பத்தில் பறந்த கொடிகளில் தங்கள் கொடியும் இருக்கக் கூடாது என்று அரபு நாடுகள் எதிர்த்தன. அவை மீண்டும் முழுக்கம்பத்துக்கு ஏறின. சுமார் 34 மணிநேர இடைவெளிக்குப் பின் போட்டிகள் தொடர்ந்தன. போட்டிகள் தொடர்ந்ததே குற்றம் என்று நான் வாதிடவில்லை. அதைப் பற்றி அன்றே இஸ்ரேலியர்களிடையிலும் ஒருமித்த கருத்து இல்லை. குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க யூதத் துக்க முறையை அருகில் சென்று பார்க்க வேண்டும்.

யூதச் சட்டப்படி ஒருவர் துக்கம் காக்க வேண்டிய உறவுகள் ஏழு: தந்தை, தாய், மகன், மகள், சகோதரன், சகோதரி, வாழ்க்கைத்துணை. அடக்கத்தையொட்டி உடுத்தியிருக்கும் ஆடையில் ஒரு கிழிசல் போடப்படுகிறது. அடக்கம் முடிந்ததும் ‘ஷிவா’ எனப்படும் ஏழு நாள் தொடங்குகிறது. துக்கம் காப்பவர் தாழ்வான இருக்கையில் அமர்கிறார், தோல் செருப்பு அணிவதில்லை, வேலைக்குப் போவதில்லை, கண்ணாடிகளைத் துணியால் மூடுவது பல வீடுகளில் வழக்கம். கல்லறையிலிருந்து திரும்பியதும் உண்ணும் முதல் சாப்பாடு அவருடையதாக இருக்கக் கூடாது, அக்கம்பக்கத்தார் கொண்டுவந்ததாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அவித்த முட்டையும் பருப்பும். துக்கம் விசாரிக்க வருகிறவர் தானாகப் பேச்சைத் தொடங்காமல், துக்கத்தில் இருப்பவர் வாய்திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு முப்பது நாள்வரை தளர்ந்த கட்டுப்பாடுகள். பெற்றோருக்கு மட்டும் ஓராண்டு. அதில் பதினொரு மாதம் ‘கடீஷ்’ என்ற வேண்டுதலைப் பிள்ளைகள் சொல்கிறார்கள். அரமேய மொழியில் அமைந்த அந்த வேண்டுதலில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது, முழுக்க இறைப்புகழ்ச்சி. ஆனால் அதைத் தனியாகச் சொல்ல முடியாது. வயதுவந்த பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். துக்கம் காப்பவர் எழுந்து நின்று சொல்ல, மற்றவர்கள் இடையிடையே மறுமொழி சொல்ல வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் பத்தாவது ஆளுக்காகக் காத்திருப்பார்கள், இல்லையேல் கலைவார்கள். கடீஷின் தோற்றத்தை விளக்கும் இடைக்காலக் கதை ஒன்றில், ரப்பி அக்கீவா ஒரு பாவியின் ஆவியைச் சந்திக்கிறார். அவனுடைய அநாதை மகன் சபையின் முன் நின்று இறைவனைப் போற்ற, சபை மறுமொழி சொன்னபோதுதான் அந்த ஆவிக்கு விடுதலை கிடைக்கிறது. மகனின் அன்பு மட்டும் போதவில்லை. சபை வாய்திறக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான ஆட்சேபம் எழுகிறது. அதுவும் யூதச் சட்டத்துக்கு உள்ளிருந்தே எழுகிறது. துக்கத்துக்கு எல்லை கட்டுவதில் அந்தச் சட்டம் கண்டிப்பானது. அளவுமீறி அழுதவளை ரப் ஹூனா என்ற அறிஞர் எச்சரித்த கதையை தல்மூத் என்ற யூதச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. மனைவியோ கணவனோ இறந்தால் சட்டம் விதிக்கும் துக்கம் முப்பதே நாள். அந்த முப்பது நாளும் முழுசாகக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஏனென்றால் திருநாள் வந்தால் துக்கம் முறிந்துவிடும். ஷிவா தொடங்கியபின் பெருந்திருநாள் ஒன்று குறுக்கிட்டால் மீதி நாட்கள் ரத்து. மியூனிக்கில் இறந்தவர்களின் உடல்கள் செப்டம்பர் 7 அன்று இஸ்ரேலுக்கு வந்து சேர்ந்தன; அமெரிக்காவில் பிறந்த பெர்கரின் உடல் மட்டும் அங்கே கொண்டுபோகப்பட்டது. செப்டம்பர் 8 மாலை யூதப் புத்தாண்டு பிறந்தது. சட்டப்படி அந்த மாலையே ஷிவா முடிந்தது. புத்தாண்டால் ஷிவா முறிந்தால், அடுத்து வரும் பாவக்கழிப்பு நாளான யோம் கிப்பூர் முப்பது நாள் துக்கத்தையும் முறித்துவிடும். அந்த ஆண்டு யோம் கிப்பூர் செப்டம்பர் 17 மாலை தொடங்கியது. ஆக, யூதச் சட்டத்தின் கணக்கில் இந்த மனைவியர் துக்கம் காக்க வேண்டிய காலம் இரண்டு வாரத்துக்குள் முடிந்துபோனது. திருவிழா துக்கத்தை வெல்லும் என்று அவர்களின் மரபே சொல்லும்போது, போட்டிகள் என்ற திருவிழா தொடர்ந்தாக வேண்டும் என்று பிரண்டேஜ் சொன்னதில் என்ன பிழை? 45 ஆண்டுகள் ஓயாமல் கேட்டது அந்த மரபுக்கே முரணாகாதா?

முரணாகாது. துக்கம் வேறு, நினைவுகூரல் வேறு என்று பிரித்துவைத்திருப்பதுதான் இந்த மரபின் நுட்பம். துக்கம் உயிரோடிருப்பவரின் நிலை. அதற்கு முடிவு உண்டு, இருந்தே ஆக வேண்டும். நினைவுகூரல் இறந்தவருக்குச் செலுத்த வேண்டிய கடன். அதற்கு முடிவே கிடையாது. இறந்த நாளின் ஆண்டு நிறைவான ‘யார்ட்சைட்’ அன்று 24 மணிநேரம் எரியும் விளக்கு ஏற்றப்படுகிறது, ஆண்டு தவறாமல், ஏற்றுகிறவர் உயிரோடிருக்கும்வரை. அதைவிட நம் கேள்விக்கு நெருக்கமானது ‘யிஸ்கோர்’ என்ற சபை வழிபாடு. ஆண்டுக்கு நான்கு முறை, யோம் கிப்பூரிலும் மூன்று பெருந்திருநாட்களின் நிறைவிலும், இறந்தவர்களைப் பெயர் சொல்லி நினைக்கிறார்கள். பெற்றோர் உயிரோடிருப்பவர்கள் அந்த நேரத்தில் வெளியே போய்விடுவது பரவலான வழக்கம். உள்ளே எஞ்சுகிறவர்கள் இழந்தவர்கள் மட்டுமே. சில நிமிடங்களில் அது முடிகிறது. வெளியே நின்றவர்கள் திரும்பி வருகிறார்கள், திருநாள் தொடர்கிறது. துக்கத்தை ரத்துசெய்யும் அதே திருநாள், இறந்தவரின் பெயருக்கும் தன் நடுவே இடம் ஒதுக்கித் தருகிறது. ‘திருவிழா தொடர வேண்டும்’ என்ற பாதியை மட்டும் பிரண்டேஜ் சொன்னார். மறுபாதியைத்தான் இரண்டு பெண்கள் ஏறக்குறைய அரை நூற்றாண்டாக நினைவூட்டினார்கள். போட்டிகளை நிறுத்தச் சொல்லி அவர்கள் பிறகு ஒருபோதும் கேட்கவில்லை. விழாவுக்கு உள்ளே ஒரு நிமிடம் கேட்டார்கள். அந்தக் கோரிக்கையின் வடிவம் அப்படியே யிஸ்கோரின் வடிவம்.

இந்த வழக்கம் வேர்பிடித்த மண் எது என்பதும் கவனிக்கத்தக்கது. 1096இல் முதல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கும்பல்கள் ரைன் நதிக்கரையில் ஷ்பயர், வோர்ம்ஸ், மைன்ஸ் ஆகிய ஊர்களின் யூதச் சமூகங்களைத் தாக்கின, பெருந்தொகையானோர் மாண்டனர். தப்பியவர்கள் இறந்தோரின் பெயர்களைப் பட்டியலிட்டுத் தொழுகைக்கூடங்களில் வாசிக்கத் தொடங்கினார்கள். அப்படித் தொகுக்கப்பட்ட நினைவேடுகளில் புகழ்பெற்றது நியூரம்பெர்க் நினைவேடு, 1296இல் தொடங்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1298இல், நியூரம்பெர்க் யூதர்களே படுகொலைக்கு ஆளானார்கள். அவர்களின் பெயர்களும் அதே ஏட்டில் ஏறின. மியூனிக் தலைநகராக இருக்கும் பவேரியாவில்தான் இன்றைய நியூரம்பெர்க்கும் இருக்கிறது. ஆள்பலமோ படைபலமோ இல்லாத ஒரு சமூகம் கொலைக்கு எதிராகச் செய்ய முடிந்த ஒரே காரியமாகப் பெயரை எழுதி வைத்து, ஆண்டுதோறும் உரக்கப் படித்தது. யோசெஃப் ஹயீம் யெருஷால்மி என்ற வரலாற்றாசிரியர் 1982இல் வெளியிட்ட ‘ஸகோர்’ என்ற நூல், யூதர்கள் இடைக்காலம் முழுவதும் தங்கள் கடந்தகாலத்தைக் காத்தது வரலாற்று நூல்களால் அன்று, சடங்காலும் வழிபாட்டாலும்தான் என்று நிறுவுகிறது. ஆவணம் இருக்கிறதே, நினைவுச்சின்னம் இருக்கிறதே என்ற சமாதானம் இந்த மரபில் வந்தவருக்கு ஏன் போதாது என்பது இதிலிருந்து தெரியும். மியூனிக்கில் சின்னங்களுக்குக் குறைவில்லை. கோனலி தெருக் கட்டடத்தின் வாசலில் பெயர்ப்பலகை உண்டு. 1995இல் ஃப்ரிட்ஸ் கோனிக் செதுக்கிய கருங்கல் உத்தரம் ஒலிம்பிக் பூங்காவில் வைக்கப்பட்டது. 2017இல் அங்கேயே விரிவான நினைவிடமும் திறக்கப்பட்டது. கல்லில் இருக்கும் பெயர், யாராவது வந்து படிக்கும்வரை சும்மா கிடக்கும். சபையில் வாசிக்கப்படும் பெயரோ கேட்பவரைச் சாட்சியாக்குகிறது.

அப்படியானால் எந்தச் சபை? இதுவே முழு விவகாரத்தின் முடிச்சு. ஒலிம்பிக் குழு பல ஆண்டுகளாக ஒரு மாற்று ஏற்பாட்டைக் காட்டிவந்தது. போட்டிகள் நடக்கும் நகரங்களில் இஸ்ரேலிய ஒலிம்பிக் குழு தனியே நினைவுக்கூட்டம் நடத்தும். ஒலிம்பிக் நிர்வாகிகள் விருந்தினராக வந்து அஞ்சலி செலுத்துவார்கள். 2012 லண்டனிலும் அதுவே நடந்தது: ஜூலை 23 அன்று அப்போதைய தலைவர் ரோகே ஒலிம்பிக் கிராமத்தில் சிறிது நேரம் மௌனம் காத்தார், ஆகஸ்ட் 6 அன்று கில்டுஹாலில் நடந்த கூட்டத்துக்கும் வந்தார். தொடக்க விழாவில் மட்டும் முடியாது என்றார். லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட விண்ணப்பமும், அமெரிக்க அதிபர் ஒபாமாவின் ஆதரவும் அந்த முடிவை அசைக்கவில்லை. இந்த ஏற்பாட்டில் இறந்தவர்கள் இஸ்ரேலுக்கு உரியவர்கள், ஒலிம்பிக் இயக்கம் துக்கம் விசாரிக்க வந்த அயலார். ஆன்கி ஸ்பிட்சரின் வாதம் இதற்கு நேர் எதிரானது: அவர்கள் ஒலிம்பிக் குடும்பத்தின் உறுப்பினர்களாக வந்தார்கள், ஒலிம்பிக் கிராமத்தில் தாக்கப்பட்டார்கள், ஆகவே அவர்களுக்காக எழுந்து நிற்க வேண்டியது அந்தக் குடும்பம்தான். கொலைக்குச் சில நாட்கள் முன்பு ஆந்த்ரே ஸ்பிட்சர் லெபனான் அணியினரிடம் தானாகவே சென்று பேசிக் கைகுலுக்கித் திரும்பியதை அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இரு நாடுகளும் பகை நாடுகள். வேறெங்கும் சாத்தியமில்லாத அந்தக் கைகுலுக்கல் இங்கே சாத்தியம் என்று அந்த 27 வயது பயிற்சியாளர் நம்பினார். ஒலிம்பிக் இயக்கத்தின் உறுதிமொழியை அப்படியே எடுத்துக்கொண்டவர் அவர். அந்த இயக்கம் அவரைத் தன்னவர் என்று சொல்லத் தயங்கியதுதான் நான் முன்னே குறிப்பிட்ட குற்றம்.

தொடக்க விழாவின் மனநிலைக்குத் துயரம் பொருந்தாது என்பது ரோகே சொன்ன காரணம். வரலாறு இதற்கு இடம் தரவில்லை. பண்டைக் கிரேக்கத்தின் பெரும்போட்டிகள் ஒவ்வொன்றின் தோற்றக் கதையிலும் ஒரு சாவு இருக்கிறது. ஒலிம்பியாவின் நடுவே புராண வீரன் பெலோப்ஸின் சமாதி இருந்தது. அவனுக்குக் கருங்கிடா பலியிடப்பட்டதைப் பண்டைக் கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் பதிவு செய்திருக்கிறார். நெமியாவின் போட்டிகள் பாம்பு தீண்டி இறந்த ஒஃபெல்டெஸ் என்ற குழந்தையின் நினைவுக்கானவை. அங்கே நடுவர்கள் துக்கக் குறியாகக் கருநிற ஆடை அணிந்தார்கள். இலியத்தின் 23ஆம் காண்டத்தில் பட்ரோக்ளஸின் ஈமச்சடங்கே விளையாட்டுப் போட்டியாக நடக்கிறது. பண்டை வேர்களைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இயக்கம், விளையாட்டும் நினைவும் ஒட்டாது என்று சொல்வது பொருந்தவில்லை. தற்கால வழக்கமும் அவர் பக்கம் இல்லை. 2002 சால்ட் லேக் சிட்டி தொடக்க விழாவில், உலக வர்த்தக மையத்தின் இடிபாடுகளிலிருந்து எடுத்த கொடி அரங்குக்குள் கொண்டுவரப்பட்டது. 2010 வான்கூவரில், தொடக்க நாளன்று பயிற்சியில் உயிரிழந்த ஜார்ஜிய வீரர் நோதார் குமாரிடாஷ்விலிக்காக அதே தொடக்க விழாவில் மௌனம் காக்கப்பட்டது. அப்போது தலைவர் ரோகேதான். 2012 லண்டன் தொடக்க விழாவிலேயே இறந்தோரை நினைக்கும் பகுதி ஒன்று இருந்தது. 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்பில் மாண்டவர்களுக்கான அஞ்சலியாக அது பரவலாகப் புரிந்துகொள்ளப்பட்டது. இந்த மூன்றும் சரியான செயல்களே. அவற்றுக்குப் பின், மனநிலை என்ற காரணம் மியூனிக்குக்கு மட்டும் செல்லுபடியாகாது.

எனவே உண்மையான தயக்கம் அரசியல்தான் என்ற முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. அரபு நாடுகளின் அணிகள் வெளியேறிவிடும் என்று நிர்வாகிகள் தம்மிடம் சொன்னதை ஆன்கி ஸ்பிட்சர் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். இந்தக் கவலையை அற்பமானது என்று தள்ள முடியாது. 1976இல் ஆப்பிரிக்க நாடுகள், 1980இலும் 1984இலும் வல்லரசுகளின் அணிகள் என்று புறக்கணிப்பால் அடிபட்ட இயக்கம் அது. இதைவிடக் கனமான ஆட்சேபமும் உண்டு. மியூனிக்குக்குப் பின் இஸ்ரேல் அழுதுவிட்டு இருந்துவிடவில்லை. சில நாட்களிலேயே லெபனானிலும் சிரியாவிலும் விமானத் தாக்குதல் நடத்தியது. பொதுமக்களும் அதில் மாண்டனர். அடுத்து ஆட்களைத் தேடிக் கொல்லும் ரகசிய நடவடிக்கை நடந்தது. 1973 ஜூலையில் நார்வேயின் லில்லஹாம்மரில் அகமது பூஷிக்கி என்ற மொராக்கோ உணவக ஊழியர், எந்தத் தொடர்பும் இல்லாதவர், ஆள் மாறிச் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தச் சாவுகளுக்கு யார் மௌனம் காப்பது? இறந்தவர்களில் ஒரு தரப்பை மட்டும் நினைப்பது பழிவாங்கலுக்குத் துணைபோவது ஆகாதா? நேர்மையான கேள்வி. பூஷிக்கியின் சாவும் அந்த விமானத் தாக்குதல்களில் இறந்த பொதுமக்களின் சாவும் துக்கத்துக்கு உரியவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அரசின் பழிவாங்கலையும் மனைவியின் நினைவுகூரலையும் ஒன்றாக்குவது பெரிய அநீதி. பழிவாங்கலுக்கு ரகசியம் தேவை. அது இறந்தவரைத் தன் காரணமாக்கிக்கொள்ளும். இந்தப் பெண்கள் கேட்டது உலகத்தின் கண்முன் நடக்க வேண்டிய ஒன்று. யாரையும் தண்டிக்கச் சொல்லாத ஒன்று. ஒரு சாவை நினைப்பதற்கு மற்றெல்லாச் சாவுகளையும் முதலில் நினைத்தாக வேண்டும் என்று நிபந்தனை போட்டால், கடைசியில் எந்தச் சாவும் நினைக்கப்படாது.

இதை ஒட்டியே மற்றொரு கேள்வியும் வருகிறது: ஒருவருக்குத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது? 1968 அக்டோபர் 2 அன்று, மெக்சிகோ போட்டிகளுக்குப் பத்து நாள் முன்பு, ட்லாடெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1896இல் ஏதென்ஸில் ஜெர்மனிக்குத் தங்கம் வென்ற ஜிம்னாஸ்டிக் வீரர்கள் ஆல்ஃபிரட் ஃபிளாட்டோ, குஸ்தாவ் ஃபெலிக்ஸ் ஃபிளாட்டோ இருவரும் யூதர்கள் என்பதற்காக டெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டு 1942இலும் 1945இலும் அங்கேயே இறந்தார்கள். இவர்களையும் நினைக்க வேண்டாமா என்றால், வேண்டும் என்பதே என் பதில். பட்டியல் நீளும் என்ற அச்சம் பட்டியலே வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது. நியூரம்பெர்க் ஏடு நீண்டுகொண்டேதான் போனது. ஆனாலும் வேறுபாடு ஒன்று இருக்கிறது. மியூனிக் பதினொருவரும் போட்டிகளின்போது, போட்டியாளர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் நடுவர்களாகவும், ஒலிம்பிக் அமைப்பின் விருந்தினர்களாகத் தங்கியிருந்த இடத்தில் தாக்கப்பட்டார்கள். அவர்களை நினைக்கும் பொறுப்பை அந்த அமைப்பு வேறு எவரிடமும் தள்ளிவிட முடியாது.

பெண்களின் குரலாக இது ஒலித்ததற்கும் தனிப் பொருள் உண்டு. பழைய மரபில் பத்துப் பேர் என்றால் பத்து ஆண்கள். கடீஷ் சொல்வது மகனின் கடமை. 1916இல் ஹென்றியெட்டா ஸோல்ட் என்ற யூதப் பெண்மணியின் தாயார் இறந்தபோது, அந்த வீட்டில் பிறந்ததெல்லாம் பெண் பிள்ளைகள் என்பதால் நண்பர் ஒருவர் கடீஷ் சொல்ல முன்வந்தார். ஸோல்ட் நன்றியோடு மறுத்துவிட்டார். அது பெற்ற பிள்ளைகளின் கடமை, பெண் என்பதற்காக அதை விட்டுக்கொடுக்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. ஆன்கி ஸ்பிட்சரும் இலானா ரொமானோவும் செய்ததும் அதே வரிசையில் வைக்க வேண்டியது. 1992இல் பார்சிலோனாவில் இஸ்ரேலின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வென்ற ஜூடோ வீராங்கனை யாயேல் அராத், அதை மியூனிக்கில் இறந்தவர்களுக்குக் காணிக்கையாக்கினார். மௌனம் யூதச் சடங்கே கிடையாதே, அது 1919இல் பிரிட்டனில் போர்நிறுத்த நாளையொட்டிப் பரவிய வழக்கமாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். விளையாட்டு அரங்குகளுக்குத் தெரிந்த சடங்கு அதுதான் என்பதால் அதைக் கேட்டார்கள். சபைக்குப் பழகிய மறுமொழியைத்தான் சபையிடம் கேட்க முடியும்.

கிடைத்தது என்ன? 2016 ஆகஸ்ட் 3 அன்று ரியோ ஒலிம்பிக் கிராமத்தில் தாமஸ் பாக் ஒரு நினைவிடத்தைத் திறந்து வைத்து, பதினொருவரின் பெயர்களையும் உரக்கப் படித்தார். பாக்கும் வாள்வீச்சு வீரர், ஜெர்மானியர், 1976இல் தங்கம் வென்றவர். ஸ்பிட்சரின் கலையைச் சேர்ந்தவரின் வாயிலிருந்து அந்தப் பெயர்கள் வந்தன. ஆனால் அது கிராமத்துக்குள் நடந்த சிறிய நிகழ்ச்சி. 2021 டோக்கியோவில் உலகமே பார்த்த தொடக்க விழாவில், தங்கள் சமூகத்தை விட்டுப் பிரிந்தவர்கள் என்ற சொல்லோடு மியூனிக் இஸ்ரேலிய அணி குறிப்பிடப்பட்டது, மௌனம் காக்கப்பட்டது. இரண்டு பெண்களும் அரங்கில் இருந்தார்கள். அஞ்சப்பட்ட வெளிநடப்பு நடக்கவில்லை. 2022இல் ஜெர்மனி 2.8 கோடி யூரோ இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டது. அதிபர் ஷ்டைன்மையர் ஃபுர்ஸ்டன்ஃபெல்ட்புருக்கில் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். இவையெல்லாம் பெரிய மாற்றங்கள், மனம்நிறைந்து வரவேற்க வேண்டியவை. ஆயினும் கணக்கு இன்னும் நேராகவில்லை. ரியோவில் பெயர்கள் வாசிக்கப்பட்டன, சபை இல்லை. டோக்கியோவில் சபை இருந்தது, பெயர்கள் வாசிக்கப்படவில்லை. யூத நினைவுகூரல் இரண்டையும் ஒரே இடத்தில் கேட்கிறது. 2028 ஜூலை 14 அன்று லாஸ் ஏஞ்சலஸில் அடுத்த கோடைக்காலப் போட்டிகள் தொடங்குகின்றன. அந்த மேடையில் பதினொரு பெயர்களையும், அவர்களை மீட்கப் போய் இறந்த ஆன்டன் ஃபிளீகர்பாவரின் பெயரையும் வாசிக்க வேண்டும். நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.